ஒரு நாள் ஸ்டார்ட் ஆகுது, ஒரு நாள் ஆகல... பழைய காரின் 'கண்ணாமூச்சி' கோளாறை கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் ஆபீஸ் கிளம்பி சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பத்து நிமிஷம் கழித்து மறுபடி திருப்பினால், எதுவுமே நடக்காத மாதிரி கார் ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் ஷெட்டுக்கு எடுத்துப் போனால் அங்கே பத்து தடவை போட்டாலும் பத்து தடவையும் ஸ்டார்ட். "நல்லாத்தானே சார் இருக்கு?" என்கிறார் மெக்கானிக்.

15 வருஷம் தாண்டி எஃப்சி புதுப்பித்து ஓட்டும் மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிப்போன கதை. முழுசாக நின்றுபோன காரை சரி செய்வது சுலபம். நினைத்தபோது நின்று, நினைத்தபோது ஓடும் காரில்தான் பணம் கரையும். முதலில் பேட்டரி, அடுத்து செல்ஃப் மோட்டார், அப்புறம் ஃப்யூவல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் துருப்பிடித்த ஒரு எர்த் ஒயர்தான் காரணம் என்று தெரியவரும்.

இதைத் தவிர்க்க ஒரே வழிதான் இருக்கிறது. கார் ஸ்டார்ட் ஆகாத அந்த ஒரு நிமிஷத்தில் என்ன நடந்தது என்று பிடித்து வைக்க வேண்டும். ஏனென்றால், அந்த நேரத்தில் காருக்குப் பக்கத்தில் இருப்பது மெக்கானிக் இல்லை, நீங்கள்தான்.

முதல் கேள்வி: செல்ஃப் சுத்துதா, சுத்தலையா?

'ஸ்டார்ட் ஆகல' என்பது ஒரே கோளாறு இல்லை, இரண்டு வேறு கோளாறுகள்.

ஒன்று, சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டாரே சுத்தாது. சத்தமே இருக்காது, அல்லது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். இது பேட்டரி, ஒயர், ஸ்விட்ச், செல்ஃப் மோட்டார் சம்பந்தப்பட்டது.

இரண்டு, செல்ஃப் நன்றாக 'கிர்ர்ர்' என்று சுத்தும். ஆனால் என்ஜின் பிடிக்காது. இது பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் சம்பந்தப்பட்டது.

செல்ஃப் பலமாக சுத்தும் காருக்குப் புது பேட்டரி போட்டு பிரயோஜனமில்லை. செல்ஃபே எடுக்காத காருக்கு ஃப்யூவல் பம்ப் மாற்றுவதும் வீண் செலவுதான். இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிந்தாலே பாதி பிரச்னை முடிந்தது.

செல்ஃப் சுத்தவில்லை என்றால்...

ஹெட்லைட்டைப் போட்டு வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தை மட்டும் கவனியுங்கள்.

வெளிச்சம் அப்படியே மங்கிப்போய் 'டக டக டக' என்று தொடர்ந்து சத்தம் வந்தால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, கையால் அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்து இறுக்கினாலே பல கார்கள் சரியாகிவிடும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். இதை மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டு தீப்பொறி பறக்கலாம்.

வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை, சத்தமும் இல்லை என்றால், பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு கரண்டே போகவில்லை என்று அர்த்தம். சாவி ஸ்விட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, சோலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் என்று தேட வேண்டும். ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கியரை 'பி'யிலிருந்து 'என்'னுக்கு மாற்றி ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால் கியர் பக்கம் உள்ள ஸ்விட்ச்தான் சந்தேகத்துக்குரியது. சில கார்களில் கிளட்ச் பெடலுக்கும் இதே மாதிரி ஒரு ஸ்விட்ச் உண்டு.

வெளிச்சம் லேசாகக் குறைந்து, ஒரே ஒரு பலமான 'டக்' மட்டும் வந்தால்? சோலினாய்டு வேலை செய்கிறது, மோட்டார் சுத்தவில்லை. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சோலினாய்டின் காப்பர் கான்டாக்ட் கருகியிருக்கலாம். இப்படிப்பட்ட மோட்டார் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது. மெக்கானிக்குகள் செல்ஃப் மோட்டாரை லேசாகத் தட்டிவிட்டு போடச் சொல்வது இதனால்தான். தட்டினதும் ஸ்டார்ட் ஆனால் சந்தோஷப்பட வேண்டாம். செல்ஃபைக் கழற்றி பிரஷ் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மல்டிமீட்டர் சொல்லும் நான்கு எண்கள்

எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் ஃபுல் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி.

2. செல்ஃப் சுத்தும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. 12.6 காட்டிய பேட்டரி, செல்ஃப் எடுக்கும்போது 8க்கு விழுந்தால் பேட்டரிக்குள் பலம் இல்லை. செல்ஃப் மோட்டார் இறுகிப்போய் அதிக கரண்ட் இழுத்தாலும் இப்படி விழும் என்பதால், பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் செய்தபின் முடிவு எடுங்கள்.

3. என்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 12.5லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி போட்டாலும் அது சில நாளில் படுத்துவிடும்.

4. நான்காவது எண்ணைத்தான் பலரும் பார்ப்பதில்லை. மீட்டரின் சிவப்பு முனையை என்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலும், கருப்பு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில் கோளாறு. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ஒயர், உள்ளே பச்சை பூத்து இற்றுப்போயிருக்கலாம். லைட்டும் ஹாரனும் எரிய, அடிக்க இந்த ஒயர் தாங்கும். நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் செல்ஃபுக்குத் தாங்காது. "லைட் நல்லா எரியுதே, அப்புறம் ஏன் செல்ஃப் எடுக்கல?" என்ற கேள்விக்கு பல நேரம் இதுதான் பதில்.

நாலு எண்ணும் சரி, ஆனால் இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் மட்டும் படுத்துக்கொள்கிறதா? வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கரண்ட் குடிக்கிறது. பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, அலாரம், ஜிபிஎஸ் கருவி, அணையாத டிக்கி லைட் ஆகியவற்றிலிருந்து தேடலைத் தொடங்கச் சொல்லுங்கள்.

செல்ஃப் சுத்துது, என்ஜின் பிடிக்கல என்றால்...

இங்கே முதல் வேலை காது கொடுத்துக் கேட்பது. எம்பிஎஃப்ஐ பெட்ரோல் கார்களில் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பினால், பின் சீட் பக்கத்திலிருந்து இரண்டு விநாடி 'உய்ங்' என்று ஃப்யூவல் பம்ப் சத்தம் வரும். கார் நன்றாக இருக்கும் நாளில் இதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் ஆகாத நாளில் அந்த சத்தம் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் மூன்றில் ஒன்று. சத்தம் வந்தாலும் பிரஷர் சரியாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதை ஷெட்டில் கேஜ் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு படம் போட்ட லைட் மின்னுகிறதா? அப்படியானால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

மழைநாளில் மட்டும் பிரச்னை என்றால் ஸ்பார்க் பக்கம் சந்தேகப்படலாம். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் விரிசல், பிளக் ஒயரில் வெடிப்பு இருந்தால், ஈரத்தில் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். பிளக் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்பார்க் பார்க்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். அதில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

சூடா இருந்தா மட்டும் மக்கர் பண்ணுதா?

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டீ குடிக்க நிறுத்துகிறீர்கள். திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. அரை மணி நேரம் கழித்து தானாக சரியாகிவிடுகிறது. இந்த அடையாளம் வந்தால் கிராங்க் சென்சாரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

என்ஜின் சுத்துகிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்த சென்சார்தான். பல கார்களில் இதற்குள் மெல்லிய காப்பர் கம்பிச் சுருள் இருக்கும். வயதாக ஆக, சூட்டில் விரியும்போது அந்தக் கம்பி விட்டுப்போகும். ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். சிக்னல் வராததால் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது. ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். 'செக் என்ஜின்' லைட்கூட எரியாமல் இருக்கலாம். ரிலேயிலும் கம்ப்யூட்டர் போர்டிலும் உள்ள பற்றவைப்பு விரிசல்களும் இதே விளையாட்டைக் காட்டும்.

கோர்ட் வரை போன கோளாறு

இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் 1983 முதல் 1995 வரையிலான பல ஃபோர்டு மாடல்களில், ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் மாட்யூலை, சூடு ஏறும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பொருத்தியிருந்தார்கள். சூடு அதிகமானால் ஓடும் காரே நிற்கும், ஆறினால் மறுபடி ஓடும் என்பதுதான் உரிமையாளர்களின் புகார். வழக்கு போட்டார்கள். 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார். பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்று வாதிட்டுவந்த நிறுவனம், 2001ல் சமரசத்துக்கு வந்தது.

நமக்கு இதில் உள்ள பாடம், ஸ்டார்ட் ஆகாத கோளாறு சில நேரம் ஓடும்போது நிற்கும் கோளாறாக மாறும் என்பதுதான். அப்படி நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டும்தான் லேசாக இருக்கும், அதற்குமேல் பலமாக மிதிக்க வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தமாக மிதித்து ஓரம் கட்டுங்கள். வண்டி முழுசாக நிற்கும் வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் லாக் ஆகிவிடும்.

போனை எடுங்க, ரெக்கார்ட் பண்ணுங்க

அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகாதபோது, போனை எடுத்து வீடியோ ஆன் செய்யுங்கள். டேஷ்போர்டு லைட் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு சாவியை 'ஆன்' செய்து மூன்று விநாடி நிறுத்தி, பிறகு செல்ஃப் போடுங்கள். பம்ப் சத்தம், செல்ஃப் சத்தம், லைட் எல்லாமே பதிவாகிவிடும். கூடவே இவற்றையும் குறித்து வையுங்கள்:

* என்ஜின் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா?
* கடைசியாக ஓட்டி எவ்வளவு நேரம் ஆனது?
* மழையா, வெயிலா?
* டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல்?
* எத்தனை நிமிஷம் கழித்து, என்ன செய்தபின் ஸ்டார்ட் ஆனது?

மூன்று நான்கு தடவை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். "எப்பவாச்சும் ஸ்டார்ட் ஆகல" என்பதற்கும், "ஒரு மணி நேரம் ஓட்டினபிறகு மட்டும், செல்ஃப் நல்லா சுத்துது, பம்ப் சத்தம் வருது, ஆனா பிடிக்கல, 30 நிமிஷத்துல சரியாகுது" என்பதற்கும் ஷெட்டில் கிடைக்கும் மரியாதையே வேறு. இரண்டாவதைக் கேட்கும் மெக்கானிக்குக்கு எங்கே கை வைப்பது என்று தெரியும். சூட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால், காரை விட்டுவிட்டு வராமல், ஓட்டி சூடாக்கி அவர் முன்னால் செல்ஃப் போட்டுக் காட்டுங்கள்.

எதையாவது மாற்றச் சொன்னால், "எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுது அண்ணே?" என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பார்ட் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பார்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்யாதீங்க

* செல்ஃபை 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுத்தவிடாதீர்கள். நடுவில் ஒரு நிமிஷமாவது இடைவெளி கொடுங்கள். மோட்டார் சூடாகி கருகிவிடும்.
* ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. மேனுவல் பெட்ரோல் காரிலும் இதை வழக்கமாக்க வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.
* ரிசர்வ் லைட் எரியும் வரை தினமும் ஓட்டாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்.
* பேட்டரி பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும்.

தானாக வந்த கோளாறு தானாகப் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். அது போகவில்லை, அடுத்த முறைக்காகக் காத்திருக்கிறது. அது ராத்திரி நேரத்தில், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் நிற்கும்போது வருவதைவிட, வீட்டு வாசலில் வரும்போதே பிடித்துவிடுவது நல்லது. அதற்கு முதலில் வேண்டியது ஒரே ஒரு கேள்வி: செல்ஃப் சுத்துச்சா, இல்லையா?