இழந்த ஸ்தனம் மீளுமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே, சேர்வராயன் மலையில், வாழவந்தி என்று ஓர் ஊர். மருமகளை 'வாழ வந்தவள்' என்று சொல்லும் நமக்கு, அந்தப் பெயரே காதுக்கு இனிமையாயிருக்கிறது.

அத்தகைய மலையூரில் ஒரு பெண்மணிக்கு மார்பில் சிறு கட்டி தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை, ஆகையால் வாய் திறப்பதில்லை. அவளைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுப்பவை அந்த இருபது வளைவுகளா? இல்லை. "மார்பை அறுத்து எடுத்துவிடுவார்களே!" என்னும் பயமும் வெட்கமுந்தான். அவள் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கே லாபம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். அந்தக் காலத்துக்கும் இன்றைக்கும் எவ்வளவோ வித்தியாசம்! ஆரம்பத்திலேயே கண்டால், பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். முழு ஸ்தனத்தையும் எடுக்க நேர்ந்தாலும், அவளுடைய தேகத்திலிருந்தே இன்னொன்றை உருவாக்க முடியும்.

இந்த வித்தையின் வேர் நம் நாட்டில் இருக்கிறது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் அமைக்கும் முறையைச் சுசுருதர் சொல்லியிருக்கிறார். நெற்றித் தோலால் மூக்கமைத்த புனா வைத்தியத்தை 1794-ல் ஒரு லண்டன் பத்திரிகை வெளியிட்டது. அதைப் படித்துப் பயின்ற கார்ப்யூ என்னும் ஆங்கில டாக்டர், 1814-ல் அங்கே அதைச் செய்து காட்டினார்.

அந்த முறையில் தோலின் ஒரு முனை உடலோடு ஒட்டியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ரத்தமின்றி வாடிவிடும். இக்காலத்து நுண் ரண சிகிச்சையோ அதையும் கடந்துவிட்டது. அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் அவற்றின் ரத்தக் குழாய்களுடன் அடியோடு பிரித்தெடுத்து, மார்பில் வைத்து, அங்குள்ள குழாய்களுடன் இணைக்கிறார்கள். குழாயின் பருமன் சில மில்லிமீட்டர்; தைக்கும் நூலோ தலைமயிரைவிட மெல்லியது! மைக்ரோஸ்கோப் மூலம் பார்த்துத்தான் தைக்க வேண்டும். வயிற்றுத் தசையைக் கூடியவரை தொடாமல் விடுவது இதன் சிறப்பு. வயிற்றில் போதிய சதை இல்லாதவர்களுக்குத் தொடையிலிருந்தோ பிருஷ்டத்திலிருந்தோ எடுப்பதுண்டு.

இது எளிதான காரியம் என்று எண்ணிவிட வேண்டாம். சிகிச்சை பல மணி நேரம் நடக்கும். முதல் சில நாட்கள் புதிய ஸ்தனத்தின் நிறத்தையும் சூட்டையும் இரவு பகலாகக் கவனிப்பார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் உடனே மறுபடி திறக்க வேண்டும். அரிதாகச் சதை பிழைக்காமலும் போகும். பழைய தொடு உணர்ச்சி முழுவதும் திரும்புவதில்லை. கதிர் வைத்தியம் தேவைப்படுவோர் பொறுத்துச் செய்துகொள்வதும் உண்டு. சிலர் முதுகுத் தசையையோ ஸிலிகான் பையையோ விரும்பலாம். ஒன்றுமே வேண்டாம் என்பதும் குறையல்ல.

கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் நுண் ரண சிகிச்சையில் தேர்ந்த நிபுணர்கள் இருக்கிறார்கள். மார்பை எடுப்பதற்கு முன்பே, "பிறகு திரும்ப அமைக்க வழியுண்டா?" என்று டாக்டரைக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவை வீட்டிலுள்ள ஆண்கள் அவளுக்கு அளிக்கட்டும்.

வாழ வந்தவள் வாழவேண்டும். அதுவல்லவோ முதல் காரியம்!