முருகைத் தொட்டியும் நீர்மாற்றும்

“இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வற்றாத ஆறொன்றுமில்லாத யாழ்ப்பாணத்திலே கிணற்றை நம்பி வாழும் நம்மவர்க்கு இதன் உண்மையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயின், ஊற்றே இல்லாத ஒரு நீர்நிலை உண்டாயின் அதனை எவ்வாறு பேணுவது? அங்கே இறைப்பவன் கையே ஊற்றாகவும் அமைதல் வேண்டும். கண்ணாடித் தொட்டியிலே கடல்நீரை நிரப்பி முருகை வளர்ப்போர் நிலை இதுவே. அந்நீரை எத்தனை நாளுக்கொருமுறை, எவ்வளவு மாற்றுதல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தமிழாசிரியர்க்கு இப்பொருளிலே என்ன வேலை என்று சிலர் வினவுதல் கூடும். எம்மிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர் இலண்டன் நகரில் வாழ்கின்றார். சென்ற ஆண்டு அவரில்லத்திற் சில நாள் தங்கியிருந்தோம். முன்கூடத்தில் 400 லீற்றர் கொள்ளுந் தொட்டியொன்று ஒளிவீசி நின்றது. அதனுள்ளிருந்த முருகைகள் கடலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவையல்ல. தொட்டிகளில் வளர்ந்த தாய் முருகைகளிலிருந்து நறுக்கி வளர்த்தவை. அவற்றைக் கண்டு வியந்த எமக்கு அவர் தம் முதலாண்டுத் தவற்றையே முதலிற் கூறினார்.

அக்காலத்திற் கண்ணாடியிலே பசும்பாசி படர்ந்ததைக் கண்டு, நீர் கெட்டுவிட்டதென்று கருதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டிநீர் முழுவதையும் இறைத்துவிட்டு, அப்பொழுதே உப்புக் கரைத்த நீரை நிரப்பினாராம். மூன்று நாளில் முருகைகளின் மென்றசை உரிந்து வெள்ளெலும்பு மாத்திரம் எஞ்சியது. “ஐயா, அழுக்குத் தொலையட்டும் என்று செய்தேன், உயிரல்லவா தொலைந்தது!” என்றார். அன்று தொடங்கி அவர் கற்றவற்றை எமக்கும் கற்பித்தார். அவர் ஆசிரியராக, யாம் மாணாக்கராயினோம்.

அந்நகருக்கு இவ்வினா புதியதன்று. 1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் அம்மையார் தென்கரையிலுள்ள தோர்க்கே என்னும் ஊரிலிருந்து கன்முருகை இனத்துச் சிற்றுயிர்கள் சிலவற்றை இலண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். கடலோ தொலைவிலுள்ளது, வேண்டியபோதெல்லாம் புதுநீர் பெறுதல் எளிதன்று. ஆதலின், இருந்த நீரையே திறந்த சாளரத்தருகே கலத்துக்குக் கலம் வார்த்து வார்த்துக் காற்றேறச் செய்வித்தார். அவ்வருந்தொழிலைச் செய்தவள் வீட்டுப் பணிப்பெண். அடுத்த ஆண்டில் உயிருள்ள கடற்பாசிகளையும் நீரில் இட்டார். முருகைகள் வாழ்ந்து பெருகின. இவ்வரலாற்றை அம்மையார் 1859இல் எழுதி வெளியிட்டார். நீரை அடிக்கடி மாற்றாது திருத்தியே பயன்கொள்ளலாம் என்பதற்கு அம்முயற்சி நற்சான்று. ஆயின் அத்திருத்தம் எதுவரை செல்லும் என்பதை அறிய, நீருக்குள் நிகழ்வதை அறிதல் வேண்டும்.

மீனுக்கு இடும் உணவினாலும் மீனின் கழிவினாலும் நீரில் அமோனியா உண்டாகின்றது. அது கொடிய நஞ்சு. பாறைகளிலே குடிகொண்ட பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பாறையின் உட்புழைகளில், ஒட்சிசன் குன்றிய இடங்களில் வாழும் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றின் ஒரு பகுதியை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. எஞ்சியது நீரிலே சேர்ந்துகொண்டு வரும். நம்மூர்க் கிணறுகள் பலவற்றில் உரத்தினாலும் மலக்குழிகளினாலும் மிகுகின்றதென நாம் கேள்வியுறும் நைத்திரேற்றும் இதுவே. முருகைத் தொட்டியில் அது மிகுந்தால் பாசி தழைக்கும். முருகை நிறங்குன்றி நலியும். எனினும் அஃது அறவே இல்லாதொழிதலும் நன்றன்று. முருகையின் தசைக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகளுக்கு அதிற் சிறிதளவு வேண்டும்.

இனிக் கணக்கை நோக்குவாம். ஒரு தொட்டியில் வாரந்தோறும் லீற்றருக்கு 1 மில்லிகிராம் நைத்திரேற்றுச் சேர்கின்றது என்று கொள்க. வாரத்துக்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை மாற்றிவந்தால், அஃது ஏறியேறி 10 மில்லிகிராமில் நின்றுவிடும். அந்நிலையில் வெளியேறுவதும் 1, சேர்வதும் 1 ஆதலின். நான்கு வாரத்துக்கொருமுறை ஐந்திலொரு பங்கை மாற்றுவோர்க்கோ, சேரும் 4 மில்லிகிராமும் வெளியேறும் நிலை 20 மில்லிகிராமிலேதான் வாய்க்கும். இனி, முதற்கூறியவர் மீனுணவை அளந்திட்டு, வாரவரவைப் பாதியாகக் குறைத்தாராயின், அதே நீர்மாற்றுக்கு அளவு 5 மில்லிகிராமாகத் தாழும். எனவே நீரை இறைக்கும் கையினும் உணவை இடும் கையே முதலில் திருந்தவேண்டியது என்பது பெறப்படும். நுரையுடன் அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவியும், தனியறையில் வளர்த்து அறுத்தெடுக்கும் கடற்பாசியும் அவ்வரவைக் குறைக்குந் துணைகளே.

நீர்மாற்று எல்லாக் குறைக்கும் மருந்து என்று எண்ணுதலும் பிழை. முருகை தன் எலும்பைக் கட்டுதற்கு நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துக்கொள்கின்றது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தொட்டியில் அது 350 ஆகக் குறைந்தவிடத்துப் பத்திலொரு பங்கு நீரை மாற்றினால் 357 ஆக மாத்திரமே உயரும். ஆதலின் முருகை மிக்க தொட்டியிற் கல்சியத்தையும் காபனேற்று வகையையும் அளந்தறிந்து தனியே சேர்த்தல் வேண்டும். அவ்வாறே, ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே விடவேண்டும், உப்புநீர் விடலாகாது. ஆவியாவது நீர், உப்பு அங்கேயே தங்குகின்றது. இது நீர்மாற்று அன்று, நீர்நிரப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு உவர்ப்பேற்றித் தொட்டியைக் கெடுத்தோர் பலர்.

புதுநீரை ஆக்கும் முறையும் அறியற்பாலது. குளோரீன் கலந்த குழாய்நீர் ஆகாது. செம்பு சிறிதளவு கலந்த நீரும் முருகைக்கும் இறாலுக்கும் கேடு. நுண்மென்றகட்டினூடே அழுத்தி வடித்த தூயநீரிற் கடலுப்பைக் கரைத்து, ஒருநாள் முழுவதும் ஓட்டத்தில் விடுதல் நலம். அதன் உவர்ப்பு கிலோகிராமுக்கு 35 கிராம் அளவில், தொட்டிநீரின் உவர்ப்போடு ஒத்திருத்தல் வேண்டும். வெப்பமும் 25 பாகை செல்சியசு அளவில் தொட்டியோடு ஒத்திருத்தல் வேண்டும். எம் மாணவரின் முருகைகளைக் கொன்றது புதுநீரன்று. ஒரே நாளில் நேர்ந்த பெருமாற்றமே.

ஆகவே, எத்தனை நாளுக்கொருமுறை? நன்கு பேணப்படும் தொட்டிக்கு வாரத்துக்குப் பத்திலொரு பங்கு, அன்றேல் இருவாரத்துக்கு ஐந்திலொரு பங்கு என்பது பெரும்பாலார் கைக்கொள்ளும் அளவு. மீன் சிலவாக, உணவு அளவாக, நைத்திரேற்றும் பொசுபேற்றும் தாழ்ந்து ஒருநிலையில் நிற்க, குறைந்த உப்புக்களைத் தனியே அளந்து சேர்ப்பவர் திங்களுக்கொருமுறையாக நீட்டித்தலும் கூடும். அளவு ஏறுமாயின் இடைவெளியைக் குறைக்கவேண்டும். நஞ்சு கலந்தாலன்றிப் பெருமாற்று வேண்டா; அவ்வேளையிலும் புதுநீர் முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நாட்காட்டி நினைவூட்டும், தீர்மானிக்க வேண்டியது அளவுக் குறிப்பே.

யாம் புறப்படவிருந்த நாளும் ஞாயிற்றுக்கிழமையாயிற்று. மாணவர் 40 லீற்றர் நீரை இறைத்து, முதனாட் கரைத்து வைத்ததை மெல்ல வார்த்தார். பின்பு அப்பியாசக் கொப்பியொன்றை எடுத்து அன்றைய அளவுகளை எழுதினார். முன் பக்கங்களைப் புரட்டினோம். ஆறாண்டுக் காலத்தில் ஒரு வாரமேனும் விடுபடவில்லை. பள்ளியில் வீட்டுவேலைக் கொப்பியை ஒருநாளும் நேரத்துக்குக் கொண்டுவராத பிள்ளை அவர். “தம்பி, இந்த ஒழுங்கு உமக்கு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டோம். “செத்த முருகைகள் படிப்பித்தவை, ஐயா” என்றார்.

ஒருநாட் பெருமுயற்சி செய்யாததை நாட்டவறாச் சிறுமுயற்சி செய்யும் என்று வகுப்பறையிற் பலகாற் கூறியிருக்கின்றோம். அதனை மெய்யாகக் கண்டது அக்கண்ணாடித் தொட்டியின் முன்னரேயாம்.