பெட்டியில் வரும் வண்டி

ஞாயிறு மாலை, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் பொங்கி வரும் நேரத்தில் அவன் வந்தான். மதுரைப் பையன். இங்கே கவென்ட்ரியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். உட்காரக்கூட இல்லை, கைபேசியை நீட்டினான்.

"அண்ணா, நம்ம எம்ஜியைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கலாமான்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

படத்தில் ஒரு கார் ஷெட். சுவரில் சாய்த்து வைத்த சிவப்பு பானெட். மரக்கட்டைகளின் மேல் சக்கரமில்லாத வண்டியுடல். சுற்றிலும் அட்டைப் பெட்டிகள், பதினைந்து இருபது இருக்கும். 1969ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஜிடி6, மார்க் 2. வைத்திருப்பவர் பணம் கேட்கவில்லை, வண்டிக்கு வண்டி. ஓடுகிற எம்ஜிபி ஜிடியை அங்கே விட்டுவிட்டு, பிரித்துப் போட்ட ஜிடி6ஐ ஏற்றிக்கொண்டு வரலாம்.

அவனுக்கு அன்று சொன்னதையும், பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் ஒருநாள் இப்படி ஒரு படம் வந்து சேரும்.

இரண்டு வண்டிகளையும் அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி 1962இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபிங்டன் ஆலையில் 1980 வரை செய்தார்கள், மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். கூரை வைத்த ஜிடி 1965இல் சேர்ந்தது. அந்தக் கூரையின் வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபரினா கை உண்டு. பையனிடம் இருப்பது 1972ஆம் ஆண்டு வண்டி. சாவியைத் திருப்பினால் கிளம்பும். ஜிடி6 வேறு வகை. 1966 முதல் 1973 வரை இதே கவென்ட்ரியின் கேன்லியில் செய்தது, சுமார் 41,000 வண்டிகள்தான். ஸ்பிட்ஃபயர் என்ற சிறிய வண்டியின் சேஸிஸில், நீண்ட பானெட்டுக்குள் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை உட்கார வைத்தார்கள். வடிவம் மிக்கேலோட்டியுடையது. அந்த ஆறு சிலிண்டர் சீராக ஏறும்போது வரும் ஒலியை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. ஆசைப்படுவதில் தப்பே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் அவன் எதை எதோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று பார்த்தேன். ஒரு பக்கம் அவன் வீட்டு வாசலில் நிற்கும் எம்ஜி: இடது பக்கம் துரு, இரண்டாம் கியரில் கரகரப்பு, மழை பெய்தால் கால் மிதியில் ஈரம். மறு பக்கம் அவன் மனசில் நிற்கும் ஜிடி6: பெயிண்ட் பளபளக்க, குரோம் மின்ன, வேலை முடிந்த வண்டி. இன்றைய எம்ஜியை இன்றைய ஜிடி6ஓடு வைத்துப் பார்க்க வேண்டும், அதாவது கட்டைமேல் இருக்கும் உடலோடும் அந்தப் பெட்டிகளோடும். முடிந்த ஜிடி6ஐத்தான் பார்ப்பேன் என்றால், எம்ஜியையும் முடித்து, துரு வெட்டி, கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டிய பின் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். கல்யாண ஃபோட்டோவில் இருப்பவரையும் காலையில் தூங்கி எழுந்தவரையும் ஒப்பிட்டு அழகு பேசக் கூடாது.

பண்டமாற்றில் இன்னொரு சிக்கல், விலை என்ற சொல்லே வாயில் வராது. கையில் காசு மாறாததால் எதுவும் செலவாகாத மாதிரி ஒரு நினைப்பு. ஒரு தாளை எடுத்து, உன் எம்ஜியை வெளியில் விற்றால் எவ்வளவு வரும் என்று எழுது என்றேன். அதற்குக் கீழே, அந்தப் பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பாய் என்று எழுது. அவன் இரண்டாவது எண்ணை எழுதவே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். முதல் எண்ணில் பாதிகூட வரவில்லை. மீதியைத்தான் அந்த மனிதருக்குச் சும்மா கொடுக்கப் போகிறான். பெயிண்ட், டயர், குரோம், கண்ணாடி ரப்பர், சீட் துணி எல்லாம் அதற்கு அப்புறம்.

இனி இரும்புக்கு வருகிறேன். பழைய வண்டியில் எஞ்சினைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் ஒரு வண்டியை வாழவைப்பதும் சாகடிப்பதும் தகடுதான். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் அதற்கு முதுகெலும்பு. இங்கே அதை 'சில்' என்பார்கள். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. வெளித்தகடு அழகாக இருந்து நடுத்தகடு பொடியாகப் போயிருக்கலாம். பக்கவாட்டில் ஜாக் வைத்துத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: கதவு இடைவெளி சுருங்கி, திறக்க மறுத்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள்.

ஜிடி6க்குத் தனிச் சேஸிஸ் உண்டு, உடலை மேலே கழற்றிவிடலாம், அதனால் வேலை சுலபம் என்று பையன் நினைத்திருந்தான். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவன் தாத்தா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அது பொருந்தும். ஹெரால்டின் சேஸிஸ் இரண்டு பக்கமும் கைநீட்டி உடலைத் தாங்கும். ஸ்பிட்ஃபயருக்கும் ஜிடி6க்கும் அந்தப் பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். சேஸிஸ் நடுவில் ஒல்லியாக ஓடுகிறது, பக்கத்துப் பலத்தை அங்கேயும் சில்தான் கொடுக்கிறது. உடலைக் கழற்றி வைத்துவிட்டு, கதவு வாய்க்குக் குறுக்கே இரும்புக் கம்பி பற்றவைக்காமல் பழைய சில்லை வெட்டினால், உடல் மெல்ல மடங்கும். கண்ணுக்குத் தெரியாது. புது சில்லைப் பற்றவைத்து, சேஸிஸில் இறக்கி, கதவை மாட்டும் நாளில்தான் தெரியும். அப்போது வெட்டியதைத் திரும்ப வெட்டுவதைத் தவிர வழியில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சில் இரண்டும் புதிது, கறுப்பு பிரைமர் அடித்தது. கதவு வாயில் கம்பி இல்லை. கழற்றியிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம். கதவுகளோ வேறு மூலையில்.

"அவர் ஏன் நிறுத்துனாருன்னு கேட்டியா?" என்றேன்.

"வீடு மாறுறாங்களாம் அண்ணா."

அது இப்போது விற்பதற்கான காரணம். வேலையை நிறுத்தியது எப்போது, எந்த இடத்தில் என்பது வேறு கேள்வி. பிரித்துப் போட்ட வண்டியில் நான் முதலில் தேடுவது இதைத்தான். எஞ்சின் திறந்தபடி கிடந்தால் அங்கே ஏதோ கெட்ட செய்தி வந்திருக்கிறது. புது வெல்டிங்குக்குப் பிறகு கதவு ஒருமுறைகூட மாட்டப்படவில்லை என்றால், ஒன்று அவர் மாட்டிப் பார்க்கப் பயந்தார், அல்லது மாட்டிப் பார்த்துவிட்டு ஓரம் வைத்தார். யாரும் சுலபமான இடத்தில் நிறுத்துவதில்லை. நாம் எடுத்தால் நம் முதல் நாள் வேலை அந்தக் கடினமான இடத்திலிருந்துதான் தொடங்கும்.

அந்த ஆறு சிலிண்டரிலும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்க, அரை வட்ட வாஷர்கள் போட்டிருப்பார்கள். த்ரஸ்ட் வாஷர் என்று பெயர். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்பக்கம் தள்ளப்படும், அந்தச் சுமையை இவைதான் வாங்கும். தேய்ந்து மெலிந்தால் ஆயில் சம்ப்புக்குள் விழுந்துவிடும். பிறகு கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைக்கும். ஓடுகிற வண்டியில், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் இருக்கும் புல்லியைப் பார்த்தால் போதும், நகர்வு தெரியும். பெட்டியில் இருக்கும் எஞ்சினில் அப்படிப் பார்க்க முடியாது. வாஷர் உட்காரும் முகத்தைத் துடைத்து, விளக்கடித்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

முன் சக்கரத்தைத் திருப்பும் பகுதியின் அடியில் ட்ரன்னியன் என்ற பித்தளை நிறத்துப் பாகம் இருக்கும். அதற்கு கிரீஸ் வைக்கக் கூடாது, கனமான கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று தயாரித்தவர்களே எழுதிவைத்தார்கள். கிரீஸ் வைத்துப் பழகிய கைகளால் அல்லது கவனிக்காமல் விட்டதால் உள்ளே மரை துருப்பிடித்து, ஓட்டும்போதே முறிந்து சக்கரம் மடங்கிய வண்டிகள் உண்டு. மார்க் 2இன் பின் சக்கர அச்சில் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற தடித்த ரப்பர் இணைப்பு வேறு. புதிதாக வாங்கினால் சுற்றி ஓர் இரும்புப் பட்டை இறுக்கி வரும். போல்ட் எல்லாம் மாட்டிய பிறகுதான் அந்தப் பட்டையை வெட்ட வேண்டும். அவசரப்பட்டு முன்னால் வெட்டினால் ரப்பர் விரிந்துகொள்ளும், போல்ட் துளை சேராது. இவையெல்லாம் தெரிந்துகொண்டால் செய்யக்கூடிய வேலைகள், இவற்றைச் சொல்லி யாரையும் பயமுறுத்த மாட்டேன். பயப்பட வேண்டியது காணாமல் போன பாகத்துக்குத்தான். ஸ்பிட்ஃபயரோடு பொதுவான பாகங்கள் கடையில் கிடைக்கும். ஜிடி6க்கு மட்டுமே உரிய பின்கதவு, பக்கக் கண்ணாடி போன்றவற்றை யாரோ ஒருவர் விற்கும் நாளுக்காகக் காத்திருந்து எடுக்க வேண்டும். எம்ஜிபிக்கோ முழு உடலையே பழைய அச்சுகளைக் கொண்டு புதிதாகச் செய்து தருகிறார்கள், 1988 முதல்.

காகிதம் சுருக்கமான விஷயம், ஆனால் அதில் தப்பினால் எல்லாம் தப்பு. வி5சி என்ற பதிவுப் புத்தகம் கையில் இருக்க வேண்டும், அதில் உள்ள எண் வண்டியில் உள்ள தகட்டோடு சேர வேண்டும். தகடும் பெட்டிக்குள் கிடக்கிறது என்றால் யோசிக்க வேண்டும். 40 வயது தாண்டிய வண்டிக்கு இங்கே சாலை வரி கட்ட வேண்டாம், பெரிய மாற்றம் செய்யாத வண்டியென்றால் 2018 மே முதல் எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் நட்டு நட்டாகப் பூட்டிய வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகாமல் குழந்தையை ஏற்றிக்கொண்டு கிளம்பாதே என்றேன். இன்னொருவர் கண் பார்க்க வேண்டும்.

அவனுக்கு இரண்டு வயதில் மகள். சனிக்கிழமைகளில் ஆறு மணி நேரம் ஒதுக்க முடியும் என்றான். முழுதாகப் பிரித்த வண்டியைச் சேர்க்க ஆயிரம் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம், சுமார் 167 சனிக்கிழமை. மழை, காய்ச்சல், ஊர்ப் பயணம் எதையும் கழிக்காமலே மூன்று வருடத்துக்கு மேல். பாப்பா பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதுவரை எம்ஜியில் மூவரும் கடற்கரைக்குப் போகும் ஞாயிறுகள் இருக்காது. பிரித்த வண்டி நின்ற வண்டியைவிட இரண்டு மடங்கு இடம் கேட்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்று வருடம் ஷெட்டில் ஸ்பானரோடு இருப்பதே மகிழ்ச்சி என்று இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஓடுகிற வண்டி வாசலில் சும்மா நிற்கும், கை அரிக்கும். அவர்கள் மாற்றிக்கொள்வது சரி, நானே ஏற்றிவிட உதவுவேன். இவன் அந்த வகையா என்று எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

இரண்டாவது தம்ளர் ஊற்றும்போதுதான் தாத்தா பேச்சு திரும்ப வந்தது. ஹெரால்டைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் செய்தது. நான்கு கதவு வைத்த ஹெரால்ட் நம் ஊரில் மட்டுமே வந்தது. அந்த வண்டியில் பானெட் தனியாகத் திறக்காது. முன் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கம் கவிழும். தாத்தா அதைக் கவிழ்த்துவிட்டு, முன் டயர்மேல் உட்கார்ந்து வேலை செய்வாராம். இவனுக்கு ஐந்து வயது. அழுக்குத் துணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பானாம்.

ஜிடி6இன் பானெட்டும் அப்படியே கவிழும். ஒரே குடும்பத்து வண்டிகள். அவன் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் சாய்ந்த அந்த பானெட்டைத்தான். அதை நான் சின்னக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வண்டியை விரும்ப இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. அந்தக் காரணத்துக்காகவே, அவன் ஒரு ஜிடி6ஐ அரைகுறையாக வைத்து, மூன்று வருடம் கழித்து இன்னொருவருக்குப் படம் அனுப்பும் நிலைமை வரக் கூடாது என்று நினைத்தேன்.

அதனால் இப்படிச் சொன்னேன். "இந்த வருஷம் மாத்தாதே. உன் எம்ஜியோட இடது சில்லை ரெண்டு வருஷமா தள்ளிப்போட்டுட்டு இருக்க. அதை நீயே செய். வெல்டிங் கத்துக்கோ, கம்பி கட்டு, வெட்டு, வை, கதவு சேருதான்னு பாரு. ஜிடி6ல இருக்கிறதும் இதே வேலைதான், அங்க இன்னும் நிறைய. முடிக்கிறப்போ கை இன்னும் கேட்டுச்சுன்னா, நாம ரெண்டு பேரும் காந்தம், டார்ச் எடுத்துட்டுப் போய் ஒரு ஜிடி6 பாப்போம். இதுவே இருந்தா இது, இல்லன்னா வேற."

முகம் வாடித்தான் போனான். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

பத்து வாரம் ஆகிறது. மாலை நேர வெல்டிங் வகுப்பில் சேர்ந்துவிட்டான். போன சனிக்கிழமை மதியம் கூப்பிட்டான், பின்னால் கிரைண்டர் சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. வெளித்தகட்டை எடுத்துவிட்டானாம். நடுத்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"கம்பி கட்டியிருக்கியா?" என்று கேட்டேன்.

"ரெண்டு கட்டியிருக்கேன் அண்ணா. வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. பாப்பா துணியைப் பிடிச்சுட்டு நிக்கிறா."