படிக்கட்டால் நிற்கக்கூடாது படிப்பு! நடக்க முடியாத பிள்ளைக்குப் பள்ளியில் என்னென்ன கேட்கலாம்?

விருத்தாசலம்:-

பள்ளிக்கூட வாசலில் மூன்று படிக்கட்டு. ஒவ்வொன்றும் அரை அடி உயரம். ஓடி ஆடும் பிள்ளைக்கு அது ஒரே தாண்டு. காலில் பலம் இல்லாத பிள்ளைக்கோ அதுதான் மதில் சுவர்!

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லி அந்தப் பிள்ளையை வீட்டோடு உட்கார வைத்து விடுகிறார்கள். அந்த அடுத்த வருஷம் பல பிள்ளைகளுக்கு வருவதே இல்லை.

படிக்கட்டை மாற்றித் தருவது பள்ளிக்கூடம் காட்டும் தயவு அல்ல. அது சட்டப்படி அதன் கடமை. ஆனால் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் பெற்றோர்கள் அலைகிறார்கள்.

பொம்மை வேறு, பிள்ளை வேறு

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். களிமண் கரைசலை அச்சில் ஊற்றினால் ஒரே மாதிரி நூறு பொம்மை எடுக்கலாம். பிள்ளைகள் அப்படிப் பிறப்பதில்லை.

இளம்பிள்ளை வாதம் ஒழிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27-ந் தேதி போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்தது. இருந்தாலும் மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, முதுகுத்தண்டுக் குறைபாடு, விபத்தில் கால் இழப்பு என்று நடக்க முடியாமல் போகும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு அறிவிலோ பேச்சிலோ ஒரு குறையும் கிடையாது.

ஆபீஸ் அறைப் பேச்சு

இவர்களைச் சேர்க்கப் போகும்போது எந்த ஊர்ப் பள்ளியிலும் நடக்கக்கூடிய பேச்சு இது:

"சார், பையனுக்கு ஆறு வயசு முடியப் போகுது. நல்லாப் பேசுவான், எழுதுவான். நடக்கத்தான் முடியாது."

"சேர்க்கிறதுல ஆட்சேபணை இல்லம்மா. ஆனா கிளாஸ் மாடியில இருக்கு. பாத்ரூமுக்கு யாரு தூக்கிட்டுப் போறது? விழுந்து அடிபட்டா யாரு பொறுப்பு? இவங்களுக்குன்னே ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கே..."

தாயார் கும்பிட்டு விட்டுத் திரும்பி விடுகிறார். தலைமை ஆசிரியர் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. அவருக்குப் பயம். ஆனால் அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகை.

இதன் 16-வது பிரிவுதான் பெற்றோர்கள் மனதில் வைக்க வேண்டியது. பாகுபாடு இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். கட்டடமும் வளாகமும் பிள்ளை புழங்கும்படி இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தனியாக என்ன தேவையோ அந்த வசதியைச் செய்து தர வேண்டும். போக்குவரத்து வசதியும் வேண்டும் என்கிறது அது. அரசுப் பள்ளிக்கு மட்டும் அல்ல, அரசு நிதி பெறும் பள்ளிக்கும், அங்கீகாரம் வாங்கிய தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும்.

40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் என்ற ஏற்பாடு 2012-ல் கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதுவும் குடும்பத்தார் விரும்பினால்தான். "வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளிக்கூடம் தள்ளிவிட முடியாது.

பழைய கட்டடம் என்று சாக்கு சொல்லவும் வழி இல்லை. பொதுக் கட்டடங்களைத் திருத்த சட்டம் கொடுத்த 5 வருஷக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்து விட்டது. பள்ளிக்கூடமும் இதில் அடக்கம். அணுகும் வசதி வெறும் சிபாரிசாக இருக்கக்கூடாது, கட்டாய விதியாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

மனுவில் எழுத வேண்டியவை

முதலாவது, வகுப்பு. பிள்ளை படிக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினால் போதும். இதற்குச் செலவே இல்லை!

இரண்டாவது, சாய்தளம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடி வேண்டும். செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலி பின்னால் உருண்டு விடும். இரண்டு பக்கமும் கைப்பிடி அவசியம். கதவு அகலம் மூன்று அடியாவது இருக்கட்டும்.

மூன்றாவது, கழிப்பறை. பெற்றோர் கேட்கக் கூச்சப்படுவது இதைத்தான். பாத்ரூம் போக வழியில்லாத பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாளடைவில் சிறுநீர்த் தொல்லை வரும். உட்காரும் கோப்பை, சுவரில் பிடிமானக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஆகியவை வேண்டும். உதவிக்கு யார் வருவார் என்பதையும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். பெண் குழந்தை என்றால் பெண் உதவியாளர்தான்.

நான்காவது, நாற்காலியும் மேசையும். பாதம் தரையில் பதிய வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். கால் தொங்கிக்கொண்டிருந்தால் கையெழுத்தும் ஆடும்.

ஐந்தாவது, பரீட்சை. கை வேகம் குறைவான பிள்ளைக்குக் கூடுதல் நேரமும், எழுத முடியாத பிள்ளைக்குச் சொல்வதை எழுதும் ஆளும் தர சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆறாவது, விளையாட்டு. மற்றவர்கள் மைதானத்துக்குப் போகும்போது இந்தப் பிள்ளையைப் பைகளுக்குக் காவல் வைக்கக்கூடாது.

பஸ்ஸில் சிக்கிய கால், தங்கம் வென்ற கால்

விளையாட்டா என்று சிரிக்க வேண்டாம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 5 வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுப் பிழைத்தவர். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் அந்தப் பையனை ஓரமாக உட்கார வைக்கவில்லை. உயரம் தாண்டிப் பார் என்றார். 2016-ல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டி மாரியப்பன் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிசில் வெண்கலம்.

எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. நாலு பேரோடு சேர்ந்து படித்தால் போதும். அதற்கு முதலில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் இருக்க வேண்டும்.

எங்கே போவது?

ஜூனில் பள்ளி திறக்கும். மனுவை அதற்கு முன்பே கொடுத்து விட வேண்டும்.

அரசு டாக்டரிடம் சான்றும், மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டையும் வாங்குவது நல்லது. உபகரணம், உதவித்தொகைக்கு அது தேவைப்படும். அட்டை வரவில்லை என்பதற்காகச் சேர்க்க மாட்டோம் என்று சொல்வது சரியல்ல.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபி வசதியும் உண்டு. துணைக்கு வருபவருக்கான படி, போக்குவரத்துப் படி பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். ஆரம்பப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்பில் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவை 2021 அக்டோபர் 28-ல் சுப்ரீம் கோர்ட்டு வலியுறுத்தியிருப்பது குறிப்பிடத்தக்கது.

வாயால் கேட்டது காற்றோடு போகும். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். பதில் இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர். அதற்கும் மேலே கடலூரில் கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம், சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்.

சட்டத்தை மீறினால் முதல் தடவை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50 ஆயிரம் முதல் 5 லட்சம் வரை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே அபராதத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், தலைமை ஆசிரியரோடு பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீதிப் பாதிக்குத்தான் மனு. முத்திரை வாங்கிய அந்தப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்!