கல்யாண கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றணுமா? பழைய கேப்சர் கருவி விண்டோஸ் 11-ல் ஏன் மக்கர் பண்ணுது? என்ன செய்யலாம்?

பரணில் கிடந்த கல்யாண வீடியோ கேசட்டைத் தேடி எடுத்தாச்சு. விசிஆரும் ஓடுது. ஆனால், அந்தக் காலத்தில் வாங்கிய யுஎஸ்பி கேப்சர் கருவியைப் புது லேப்டாப்பில் செருகினால் சத்தம் மட்டும் வருது, படம் வரல. உடனே 'கருவி போச்சு' என்று குப்பையில் போட்டுவிடாதீங்க. கருவி நல்ல நிலையில் இருந்தும் இப்படி நடக்கலாம். காரணம் என்ன, சரிசெய்வது எப்படி? பார்க்கலாம்.

கேப்சர் கருவி என்ன செய்கிறது?

விசிஆரில் இருந்து வருவது அனலாக் சிக்னல். மஞ்சள் வயரில் படம், சிவப்பு, வெள்ளை வயர்களில் ஒலி. இந்தியாவில் பயன்பட்ட 'பால்' முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். இதை டிஜிட்டலாக மாற்றி கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதுதான் கேப்சர் கருவியின் வேலை. அது சொல்வதை விண்டோஸ் புரிந்துகொள்ள, நடுவில் 'டிரைவர்' என்ற மென்பொருள் வேண்டும். கருவியோடு கொடுத்த சிடியில் இருந்தது இதுதான்.

அன்று ஓடியது, இன்று ஏன் ஓடல?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிரைவர்கள் பெரும்பாலும் 32 பிட். விண்டோஸ் 11 வருவதோ 64 பிட்டில் மட்டும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடும், ஆனால் 32 பிட் டிரைவர் ஓடவே ஓடாது. 64 பிட் டிரைவர் கிடைத்தாலும், அதில் முறையான டிஜிட்டல் கையெழுத்து இல்லாவிட்டால் விண்டோஸ் ஏற்காது. அதையும் தாண்டினால், 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி சில பழைய டிரைவர்களைத் தடுத்துவிடும்.

பிராண்டைப் பார்க்காதீங்க, சிப்பைப் பாருங்க

'ஈசிகேப்' என்ற பெயரில் விற்ற கருவிகள் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே சின்டெக், எம்பியா, சோமேஜிக், யுடிவி007 என வெவ்வேறு சிப்கள். ஒன்றின் டிரைவர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. டிரைவர் தேடும் பலர் தடுமாறுவது இங்கேதான்.

சிப்பைக் கண்டுபிடிக்க: ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்க. மஞ்சள் ஆச்சரியக்குறியோடு இருக்கும் கருவியில் ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடிஸ். அங்கே 'விஐடி', 'பிஐடி' என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கக் குறியீடுகளை இணையத்தில் தேடினால் சிப் எதுவென்று தெரிந்துவிடும்.

அடுத்து என்ன செய்யலாம்?

1. சிப்புக்கான 64 பிட் டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்தில் தேடுங்க. எல்லா டிரைவரும் இலவசம் என்று அழைக்கும் தளங்கள் பக்கம் போகாதீங்க. வைரஸ் வரும் வழி அது. நெட் பேங்கிங் பார்க்கும் கம்ப்யூட்டரில் பாதுகாப்பு வசதிகளை அணைக்கவும் வேண்டாம்.

2. யுஎஸ்பி 3 போர்ட்டில் அடம்பிடித்தால், யுஎஸ்பி 2 போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்க.

3. விண்டோஸ் கைவிட்டாலும் லினக்ஸ் கைகொடுக்கலாம். சின்டெக் எஸ்டிகே1160, எம்பியா, யுடிவி007 சிப்களுக்கான டிரைவர்கள் லினக்ஸிலேயே உண்டு. உபுண்டுவை பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே சோதிக்கலாம். வீடியோவை மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கணும்.

4. பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருந்தால் இதற்கென்று ஒதுக்கலாம். இன்டர்நெட் இணைப்பு மட்டும் கொடுக்காதீங்க.

5. எதுவும் சரிவரலயா? புதிதாக வாங்கும்போது 'யுவிசி' வகையா என்று கேட்டு வாங்குங்க. இதற்குத் தனி டிரைவர் தேவையில்லை.

படம் வருது, ஆனா சரியா வரல

படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ, உருண்டாலோ, ரெக்கார்ட் செய்யும் மென்பொருளில் 'என்டிஎஸ்சி' என்று இருக்கிறதா பாருங்க. அதை 'பால்' என்று மாற்றணும். ஒலி வரலன்னா, விண்டோஸ் பிரைவசி செட்டிங்கில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்க. கேப்சர் கருவியின் ஒலியையும் விண்டோஸ் மைக் கணக்கில்தான் வைக்கிறது. ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது பழுது இல்லை. ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாகப் பதிவானதன் விளைவு. 'டீஇன்டர்லேஸ்' செய்தால் சரியாகிடும். அளவு 720க்கு 576 போதும். ஃபுல் ஹெச்டிக்கு மாற்றினால் ஃபைல்தான் பெருக்கும், தெளிவு கூடாது.

மினிடிவி கேசட்டா?

அதில் ஏற்கனவே டிஜிட்டல் வீடியோ இருக்கு. மஞ்சள் வயரில் எடுத்தால் தரம் குறையும். கேமராவின் ஃபயர்வயர் போர்ட் வழியாக எடுப்பதே சரி. டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போடலாம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் வசதி நீக்கப்பட்டுவிட்டது.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு விசிஆர் தயாரிப்பை நிறுத்தியது. புது விசிஆர் கடைகளில் இனி கிடைப்பது அரிது, இருப்பதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். கேசட்டும் சும்மா இருப்பதில்லை. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். டேப்பில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் ஓட்டவே கூடாது. ஹெட்டும் பாழாகும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும்.

ஆகவே முதலில் வேண்டாத கேசட்டைப் போட்டு விசிஆரைச் சோதியுங்க. கல்யாண கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்க, தவறுதலாக அதன் மேல் எதுவும் பதிவாகாது. கேப்சர் தயாரான பிறகே அதை ஓட்டுங்க, முதல் ஓட்டத்திலேயே ரெக்கார்டும் ஆகட்டும். அடுத்த தடவை ஓட்டும்போது டேப் சிக்கிக்கொண்டால், இப்போது நம்மோடு இல்லாத தாத்தாவின் குரல் அதோடு போய்விடும். கடைசியாக, ஃபைலை இரண்டு இடத்தில் சேமியுங்க, ஒன்று வீட்டுக்கு வெளியே இருப்பது நல்லது. அதைத் திறந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க.