இமைக்கும் எழுத்துப் பலகை

முகத்துவாரத்தில் 1913இல் எழுந்த வெளிச்சவீடு மட்டக்களப்பு வாவிக்குத் திரும்பும் படகுகளுக்கு ஒளியால் சேதி சொல்லும். கை, நா அசையாமல் கிடப்பவரின் சேதியை அறியவும் ஒளி உதவுகிறது.

1988இல் அமெரிக்காவில் ஆய்வாளர்களான ஃபார்வெல், டோன்சின் இருவரும் அமைத்த திரையில் 36 கட்டங்கள். குறுக்கு, நெடுக்கு வரிசைகள் மாறிமாறி மின்னும். மனதிலுள்ள எழுத்து மின்னியதும், சுமார் 300 மில்லிசெக்கனில் மூளையில் ஒரு மின் அலை எழும். தலையில் பொருத்திய மின்வாய்கள் அதைப் பிடிக்கும். கட்டங்கள் மின்னுவது விரைந்தால் பிழை மலியும். மெதுவானால் ஒரு சொல்லுக்கே நெடுநேரமாகும்.

நம் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1: அத்தனையும் இக்கட்டங்களுக்குள் அடங்கும். அ, ம், ம், ஆ என நான்கே தெரிவுகளில் ‘அம்மா’ என்று அழைத்துவிடலாம்!

வலிப்பு நோய் உள்ளவர்கள் மின்னும் திரையைப் பார்க்க வேண்டாம்.