வளையம் இல்லாத வளையம்: இதயப் படங்கள் திருத்திய ஒரு சொல்

உடலின் உட்புறத்தைப் படமாகக் காண்பது தைப்பிங் நகரத்துக்குப் புதியதன்று. ரோன்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். இரண்டே ஆண்டுகளில், 1897இல், மலாயாவின் முதல் எக்ஸ் கதிர்க் கருவி இவ்வூர் மருத்துவமனைக்கு வந்ததாகக் குறிப்பர். அன்று எலும்பைக் காட்டிய அதே கதிர் இன்று கணினியின் துணையோடு துடிக்கும் இதயத்தையே மில்லிமீட்டர் அளவில் காட்டுகிறது. அப்படங்கள் நோயை மட்டும் காட்டவில்லை. நாம் தயக்கமின்றிக் கையாண்டுவந்த ‘வளையம்’ என்னும் சொல்லையும் ஐயத்துக்கு உள்ளாக்கியுள்ளன.

இடக் கீழறையிலிருந்து பெருந்தமனிக்குள் குருதி பாயும் வாயிலில் மூன்று மெல்லிய இதழ்கள் உள்ளன. இதுவே பெருந்தமனி வால்வு. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அது திறந்து மூடுகிறது. முதுமையில் இவ்விதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து, அவை விறைத்து, வாயில் குறுகிவிடும். நூற்றுக்கு ஓரிருவர் மூன்றுக்குப் பதிலாக இரண்டே இதழ்களுடன் பிறக்கின்றனர். அவர்களுக்கு இந்நோய் முன்னதாகவே வரக்கூடும். மூச்சுத் திணறலும் மார்வலியும் மயக்கமும் தோன்றிய பின்னரும் வால்வை மாற்றாவிட்டால், பலருக்கு எஞ்சுவது சில ஆண்டுகளே.

மார்பைத் திறந்து செய்யும் அறுவையில் மருத்துவர் பழைய இதழ்களை வெட்டி நீக்குகிறார். இடத்தைக் கண்ணால் கண்டு, அளந்து, புதிய வால்வைத் தைக்கிறார். பிரான்சின் ருவான் நகரில் 2002 ஏப்ரல் 16ஆம் நாள் அலேன் கிரிபியே வேறொரு வழியைத் திறந்தார். மடித்த வால்வை இரத்தக் குழாய் வழியே இதயத்துக்குச் செலுத்தி அங்கே விரியச் செய்தார். இன்று பெரும்பாலும் தொடைத் தமனியே பாதையாகிறது. இம்முறையில் பழைய இதழ்கள் வெட்டப்படுவதில்லை, சுவரோடு ஒதுக்கப்படுகின்றன. தையலும் இல்லை, அளவுப் பொருத்தமே வால்வை நிறுத்துகிறது. சிறிதாயின் ஓரத்தில் குருதி கசியும், வால்வு இடம் பெயரவும் கூடும். மிகப் பெரிதாயின் சுவர் கிழியலாம். மருத்துவர் அவ்விடத்தை நேரில் காண்பதே இல்லை. ஆகவே முன்கூட்டி எடுக்கும் படமே அவருக்குக் கண்.

எதை அளப்பது? ‘வால்வு வளையத்தை’ என்பது வழக்கமான விடை. ஆனால் இதயத்தைப் பிளந்து பார்த்தால் அவ்விடத்தில் இதழ்களைத் தாங்கும் வட்டமான வளையம் எதுவும் தென்படாது. திருவிழாவில் ஒரு தூணைச் சுற்றி மூன்று ஆணிகளில் தோரணம் கட்டுவதாக எண்ணிக்கொள்வோம். கயிறு ஆணியிடத்தில் உயர்ந்தும் இடையில் தொய்ந்தும் நிற்கும். இதழ்கள் குழாய்ச் சுவரோடு ஒட்டும் கோடு அத்தோரணக் கயிற்றைப் போன்றது. மூன்று முனை கொண்ட கிரீடம் என்றும் கூறலாம். தொய்வின் அடிப்புள்ளிகள் மூன்றையும் இணைத்து நாம் மனத்தால் வரையும் கோடே ‘வளையம்’ எனப்படுகிறது. அது உறுப்பன்று, அளவைக்காகக் கொண்ட கற்பனைக் கோடு.

அக்கோடும் வட்டமன்று, பெரும்பாலோர்க்கு நீள்வட்டம். தொடக்க காலத்தில் மீயொலிப் படத்தில் ஒரேயொரு குறுக்களவை எடுத்து, வட்டம் எனக் கொண்டே வால்வைத் தேர்ந்தனர். மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குறுகிய விட்டம் 21 மில்லிமீட்டர், நீண்டது 27 எனில் நீள்வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 445 சதுர மில்லிமீட்டர். 21ஐ மட்டும் அளந்து வட்டமெனக் கொண்டால் 346. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது! கசிவுகள் பல ஏன் நேர்ந்தன என்பது சி.டி. படங்கள் வந்தபின்தான் தெளிவாயிற்று. நரம்பு வழியே சாயம் செலுத்தி, ஈ.சி.ஜி.யோடு இசைத்து எடுக்கும் அப்படத்தை எக்கோணத்திலும் வெட்டிப் பார்க்கலாம். மூன்று அடிப்புள்ளிகளையும் ஒரே தளத்தில் நிறுத்திச் சுற்றளவையும் பரப்பையும் அளக்கலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்க்குச் சாயத்தின் அளவில் கவனம் வேண்டும்.

அதே படம் வேறு இரண்டையும் சொல்லும். இதயத் தசைக்குக் குருதி தரும் கரோனரி தமனிகள் இதழ்களுக்குச் சற்று மேலே பிரிகின்றன. அவ்வாய்கள் மிகத் தாழ்வாக இருந்தால், ஒதுக்கப்படும் இதழே அவற்றை மூடிவிடலாம். வலப்புற இதழுக்கும் பின்னிதழுக்கும் இடையே, கீழே, மெல்லிய சவ்வுச் சுவர் ஒன்றுண்டு. இதயத்தின் மின்துடிப்பைக் கடத்தும் இழைக்கற்றை அதன் ஓரமாகச் செல்கிறது. அச்சவ்வு குட்டையாயின், புதிய வால்வு அக்கற்றையை அழுத்தி, துடிப்புக் கருவி பொருத்த வேண்டிய நிலை வரலாம். பால்மரம் வெட்டி ஓய்ந்த நம் தோட்டத்து முதியவர் ஒருவர், கோலாலம்பூரில் 1992இல் தோன்றிய தேசிய இருதயக் கழகம் போன்ற நிலையத்துக்கு இச்சிகிச்சைக்காகச் செல்லும்போது, இவ்வளவும் அளந்த பின்பே அவருக்குரிய வால்வு தேர்ந்தெடுக்கப்படும்.

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முயன்றோர்க்கு இத்தகைய சொற்சிக்கல் பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழாக்கினார். அவர் அறுத்துக் காட்டிய உடலைக் கண்டு சொல் படைத்தார். நாமோ இன்று துடிக்கும் உடலின் படத்தைக் கண்டு சொல்லைச் சரிபார்க்கிறோம். ‘வளையம்’ என்பதை நீக்க வேண்டும் என நாம் கூறவில்லை, அது வேரூன்றிவிட்டது. ஆயினும் வகுப்பில் ‘அளவை வளையம்’ என்று அடைகொடுத்துச் சொன்னால், அது உறுப்பன்று என்பது சொல்லிலேயே விளங்கும். இதழ் ஒட்டும் கோட்டுக்கு ‘இதழடிக் கோடு’ போதும்.

ஆசிரியர்கள் ஒரு தாளில் மூன்று தொங்கல் வளைவுகளை அடுத்தடுத்து வரைந்து, தாளைக் குழலாகச் சுருட்டி ஒட்டி, அடிப்புள்ளிகள் மூன்றையும் சிவப்பு மையால் இணைக்கச் சொல்லலாம். பிறகு குழலைச் சற்றே அமுக்கினால், சிவப்புக் கோடு நீள்வட்டமாவதை மாணவர் தம் கையிலேயே காண்பர்.